ஃபின்னிஷ் தேர்வுக்கு டிக்கெட் போடும் முன்

"அண்ணா, ஃபின்னிஷ் எக்ஸாம் சென்னையில எந்த சென்டர்ல எழுதலாம்?"

ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் குடியிருக்கும் எனக்கு மாதம் ஒரு தடவையாவது வாட்ஸப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஜெர்மனுக்கு மாக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது. ஜப்பானிய மொழித் தேர்வையும் சென்னையிலேயே எழுதலாம். அந்தக் கணக்கில் ஃபின்னிஷையும் சேர்ப்பதுதான் முதல் தவறு. ஒய்.கே.ஐ. எனப்படும் தேசிய மொழித் தேர்வை எழுத ஃபின்லாந்துக்குத்தான் வரவேண்டும்.

வருவதற்கு முன், நமக்கு அது தேவையா என்று பார்த்தீர்களா? ஆங்கில வழிப் பட்டப்படிப்புக்கு இது வேண்டாம். வேலைக்கான முதல் குடியிருப்பு அனுமதிக்கும் கேட்பதில்லை. குடியுரிமைக்கு வேண்டும்; வெளிநாட்டில் படித்த மருத்துவர் இங்கே உரிமம் பெறவும் மொழித்திறனைக் காட்ட வேண்டும். டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் இருநூறு நாள் விடாமல் படித்தது பெரிய விஷயம்தான், ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது செல்லாது.

அடுத்த தவறு, முதலில் விமான டிக்கெட், பிறகு தேர்வுக்கு இடம் என்று தலைகீழாகப் போவது. இங்கே அரிதான பொருள் தேர்வு இடம்தான். அடிப்படை, நடு, உயர் என்று மூன்று நிலைகளில் இந்தத் தேர்வு உண்டு; அதிலும் நடுநிலைக்குக் கூட்டம் அதிகம், பதிவு திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும். காலை 10 மணி என்று போட்டிருந்தால் அது ஃபின்லாந்து நேரம்: குளிர்காலத்தில் நமக்குப் பகல் 1:30, கோடையில் 12:30. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள். சென்னையில் இருந்த தோழி ஒருத்தி ஏப்ரலில், பழைய நினைப்பில் சாப்பாட்டை முடித்துவிட்டு 1:25-க்கு லேப்டாப்பைத் திறந்தாள். ஹெல்சின்கியில் ஒரு இடமும் இல்லை. தம்பரே, ஓலு, ரோவனியெமி என்று மற்ற ஊர்களில் தேடிப்பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. இடம் கிடைத்த பிறகு விசா, விசா வந்த பிறகு டிக்கெட். இங்கே வர எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

பதியும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் போடும் நம் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எளிது என்று அடிப்படை நிலையைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும், 1 முதல் 6 வரை தரும் மதிப்பீட்டில் 2-க்கு மேல் கிடைக்காது. குடியுரிமைக்கு வேண்டியது 3, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1. அதனால் பதிய வேண்டியது நடுநிலை, ஃபின்னிஷில் கெஸ்கிதாஸோ.

தயாரிப்பில் நம்மவர்கள் சறுக்குவது பேச்சில். பேசும் பகுதியில் எதிரே ஆள் இருக்கமாட்டார். ஹெட்ஃபோனில் கேள்வி வரும், மைக்கில் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று ஒலிப்பதிவு காத்திருக்காது. இன்னொன்று: புத்தகத்தில் 'மினா ஒலென்' (நான் இருக்கிறேன்) என்று படித்தது தெருவில் 'மா ஓன்' ஆகிவிடும். வந்திருக்கிறேன், வந்திருக்கேன் என்று இரண்டு தமிழோடு வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. ஆனாலும் எழுத்து மொழியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். துலி என்றால் நெருப்பு, தூலி காற்று, துல்லி சுங்கம். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பலர் திணறுவார்கள். படு, பாடு, பட்டு பிரித்துச் சொல்லத் தெரிந்த காதுக்கு இது பழகின சங்கதி.

எழுதி முடித்ததும் முடிவுக்காக ஹெல்சின்கியில் அறை எடுத்துக் காத்திருக்காதீர்கள். அது வர இரண்டு மாதம் போல ஆகும், ஊரில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.