ராபி அலைவை நீங்களே வரைந்து பாருங்கள் (நான் தொலைத்த அந்த 2)

இரண்டே நிலைகள் கொண்ட குவாண்டம் அமைப்பை அதன் சொந்த அதிர்வெண்ணிலேயே உந்தினால், அது அடிநிலைக்கும் கிளர்நிலைக்கும் இடையே மாறி மாறிப் போய்வரும். அதுதான் ராபி அலைவு. பைத்தானில் க்யூடிப் (QuTiP, குவாண்டம் கணக்குகளுக்கான நிரல் தொகுப்பு) நிறுவியிருப்பீர்கள், பவுலி அணிகளும் (சிக்மா-எக்ஸ், சிக்மா-இசட்) தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் ருங்கே-குட்டா முறையைக் கையால் எழுதிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம், க்யூடிப்பிடமே விடுங்கள். நேரம் நீள நீள மொத்த நிகழ்தகவு 1-ஐ விட்டு நழுவும், தவறு இயற்பியலிலா நிரலிலா என்று குழம்புவீர்கள்.

முதலில் ஹாமில்டோனியன், அதாவது அமைப்பின் ஆற்றலைச் சொல்லும் அணி. பிளாங்க் மாறிலியை 1 என்று வைத்து, சிக்மா-இசட்டை 0.5 ஆல் பெருக்குங்கள். இரு நிலைகளின் இடைவெளி 1 ஆகிவிடும். இதோடு உந்துதலைக் கூட்டுங்கள்: 0.05 பெருக்கல் கொசைன்(நேரம்) பெருக்கல் சிக்மா-எக்ஸ். உந்துதலின் கோண அதிர்வெண்ணும் 1 என்பதால் சரியான ஒத்திசைவு. அடிநிலையில் தொடங்கி, 0 முதல் 130 வரை தீர்த்து, கிளர்நிலையின் நிகழ்தகவை வரையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அப்புறம்தான். கொசைன் என்பது எதிரெதிராகச் சுழலும் இரண்டு பாதிகள். அமைப்போடு சேர்ந்து சுழலும் பாதியை வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுகிறோம். அந்தச் சுழற்சியோடு நாமும் சுழன்று பார்த்தால் மிஞ்சுவது 0.025 பெருக்கல் சிக்மா-எக்ஸ். ‘அப்படியானால் ராபி அதிர்வெண் 0.025, அடிநிலையிலிருந்து கிளர்நிலைக்கு முழுதாகப் புரள பையை (π) அதால் வகுத்தால் 125.7’ என்று கணக்குப் போட்டேன். வரைபடத்திலோ 125.7-இல் அமைப்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது! ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடினேன். பிழை என் கணக்கில். சிக்மா-எக்ஸின் ஐகன் மதிப்புகள் கூட்டல் 1, கழித்தல் 1. அலைவைத் தீர்மானிப்பது அவற்றின் வித்தியாசம், அதாவது 0.025-இன் இருமடங்கு. ஆக ராபி அதிர்வெண் 0.05, புரளும் நேரம் 62.8.

இன்னொன்று: இந்த ஹாமில்டோனியனில் க்யூடிப்பின் 0-ஆம் அடிப்படை நிலைதான் கிளர்நிலை. இங்கே மாற்றி வைத்தாலும் வளைவு அதே வடிவம்தான். ஆற்றல் இழப்பைச் சேர்க்கும்போது வினையாகும்.

உந்துதலின் வீச்சை 0.05-இலிருந்து 0.1 ஆக்கினால் வளைவின் மேல் சிறு நடுக்கம் தெரியும். நாம் தூக்கிப்போட்ட பாதியின் வேலை அது. ஒத்திசைவையும் அது கொஞ்சம் நகர்த்தும். 1940-இல் பிளாக்கும் சீகர்ட்டும் காட்டிய நகர்வு.

பிற்சேர்க்கை: நடுக்கமே வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய நேரப் பட்டியலின் இடைவெளி 6.28, சரியாக ஒரு உந்துதல் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதே கட்டத்தில் பார்த்தால் நடுக்கம் ஒளிந்துகொள்ளும். 0.1 இடைவெளி வையுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மட்டும் அமைப்பைப் பார்க்கும் ஃப்ளோகே முறைக்குப் போகும்போது மட்டும் அந்த 6.28-ஐ வேண்டுமென்றே திரும்ப எடுப்போம்.