பழைய கேமிங் பி.சி.க்குக் காசு போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது கேம் ஒன்று திக்கித் திணறி ஓடினால், பெரும்பாலானோர் உடனே போய்ப் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டு விலையைத்தான். அதைப் பார்த்ததும் ‘இன்னும் கொஞ்சம் போட்டால் புது பி.சி.யே வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். எது இழுத்துப் பிடிக்கிறது என்றே பார்க்காமல் எடுக்கும் முடிவு இது.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பி.சி. பாகங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வி-சிங்க்கை (கேமின் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) அணைத்துவிட்டு, கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று கவனியுங்கள். 95-க்கு மேலேயே நின்றால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. 60, 70 என்று சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் பிராசஸர்தான் திணறுகிறது, பெரும்பாலும். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) ஏறவில்லை என்றால் புது கார்டு வாங்கியும் புண்ணியமில்லை. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 50 சதவீதம்தான் என்று காட்டுவதை நம்பிவிடாதீர்கள். அது எல்லா கோர்களையும் சேர்த்த சராசரி. கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரு கோர் மட்டும் முழுதாக நிரம்பிக் கிடக்கலாம்.

காசே இல்லாமல் சரியாகும் விஷயங்களும் உண்டு. 3200 வேக ராம் வாங்கிப் போட்டுவிட்டு, பயாஸில் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்.எம்.பி.யை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை ஆன் செய்யாமல் வருடக்கணக்கில் 2133-லேயே ஓட்டுகிறவர்கள் நிறைய. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே இருக்கும். மானிட்டர் கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள், சிரிக்காதீர்கள். அப்புறம் தூசி. ஹீட்சிங்க் அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால், பிராசஸர் 100 டிகிரியை நெருங்கி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில ‘பழைய’ பி.சி.க்களுக்குத் தேவை ஒரு பிரஷ்ஷும் ஒரு டியூப் பேஸ்ட்டும்தான்.

சரி, உண்மையிலேயே பிராசஸர்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: வயதை வைத்து முடிவெடுப்பது. 2017-ல் வாங்கிய இரண்டு பி.சி.க்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இன்டெல் ஐ5-7400, மற்றதில் ரைசன் 5 1600, பி350 மதர்போர்டுடன். அன்று கிட்டத்தட்ட ஒரே தரத்துப் பொருட்கள். இன்று நிலைமை வேறு. ரைசனைத் தயாரிக்கும் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்), 2022-ல் பழைய போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் வழி திறந்தது. உங்கள் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பயாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பிராசஸர் இருக்கும்போதே அதை ஏற்றி (யு.பி.எஸ்.ஸில் வைத்துத்தான், நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம்), ரைசன் 5 5600-ஐப் பொருத்தினால் போதும். போர்டும் ராமும் அப்படியே. கேமுக்கென்றே பெயர் வாங்கிய 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டில் ஒன்று நியாயமான விலையில் மாட்டினால் அதிர்ஷ்டம்.

இன்டெல்காரருக்கு அந்த வழி கிடையாது. அவர் போர்டில் ஏறும் உச்சம் ஐ7-7700 வகைதான், நாலு கோர். எட்டாம் தலைமுறை ஐ7-8700-க்கும் சாக்கெட் பெயர் எல்.ஜி.ஏ.1151 தான், அளவும் சரியாக உட்காரும், ஆனால் ஓடாது. செகண்ட் ஹேண்டில் அதை வாங்கி ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் ஐ7-7700 இல்லை. அதற்குக் காசு கொடுப்பது வீண் என்றே சொல்வேன். முதல் தலைமுறை ரைசனும் அந்தப் பட்டியலில் இல்லைதான், ஆனால் 5600 போட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. டி.பி.எம். (பாதுகாப்புக்கான வசதி) இல்லை என்று விண்டோஸ் 11 மறுத்தாலும் உடனே புது மெஷினுக்கு ஓட வேண்டாம். பல போர்டுகளில் அது பயாஸில் அணைந்துதான் கிடக்கும்.

கார்டு மாற்றுகிறவர்கள் அடிக்கடி மறப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது பி.சி.க்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை. கேபினெட்டோடு இலவசமாக வந்த, மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை நம்பி விலையுயர்ந்த கார்டைச் செருகாதீர்கள். அது போகும்போது தனியாகப் போகாது. கம்பெனி பிராண்டு டெஸ்க்டாப் என்றால் இன்னும் தொல்லை: சில மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ். வடிவமும் கனெக்டரும் அவர்களுடையதே, கடையில் கிடைக்கும் எதுவும் பொருந்தாது. வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து கார்டுக்கு இட நீளம் இருக்கிறதா, 8 பின் கேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மலிவு கார்டுகளில் இன்னொரு பொறி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நாலே நாலு பி.சி.ஐ.இ. லேன்களை (கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதைகள்) வைத்து ஓடுவது. பி.சி.ஐ.இ. 4.0 போர்டில் சமாளிக்கும், பழைய 3.0 போர்டில், அதாவது யார் அதை வாங்க நினைப்பார்களோ அவர்கள் போர்டில், நன்றாகவே அடி வாங்கும். ஜி.டி.எக்ஸ். 1060 வைத்திருப்பவர்கள் ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்பதில் தவறில்லை. ஆனால் டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வசதி உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன, செட்டிங்கைக் குறைத்துத் தப்பிக்க முடியாது.

‘மாற்றுவது’ என்றால் எல்லாவற்றையும் மாற்றுவது என்று நினைப்பதும் செலவை ஏற்றிவிடும். நம் இன்டெல்காரர் மாற்ற வேண்டியது அதிகபட்சம் போர்டு, பிராசஸர், ராம் மூன்றை மட்டுமே, கேபினெட், எஸ்.எஸ்.டி., மானிட்டர், நல்லதென்றால் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் தொடரும். ஏ.எம்.டி.யின் அடுத்த சாக்கெட்டான ஏ.எம்.5-க்குப் போனால் டி.டி.ஆர்.5 ராம் தவிர வழியில்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 ஸ்டிக்குகளின் அருமை புரியும். அவற்றை அப்படியே பயன்படுத்தும் ஏ.எம்.4 போர்டும் 5600-உம் வாங்குவது இப்போது கேலிக்குரிய யோசனை இல்லை.

கழற்றிய பழைய போர்டை விற்கும்போது பிராசஸரைப் பிரிக்காமல் செட்டாகவே விற்றுவிடுங்கள். தனிப் போர்டாக விற்றால் ஓடுகிறது என்று காட்டவே வழியிருக்காது, வாங்குபவரும் விலையை அடித்துத்தான் கேட்பார். விண்டோஸ் ஓ.இ.எம். லைசென்ஸ் (பி.சி.யோடு சேர்ந்து வருவது) அந்த போர்டோடு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.