அபராதத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

2012 ஜூனில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் முன்னணி சிமெண்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூடிப் பேசி விலையை ஏற்றினார்கள், மூட்டைகள் சந்தைக்கு வருவதைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இனி ஒருத்தரும் வாலாட்ட மாட்டார்கள் என்று அன்று பலரும் நினைத்திருப்பார்கள்.

கூடிப் பேசி விலையை ஏற்றும் சிண்டிகேட்டுகள் மீதான நடவடிக்கை பலித்ததா என்று எடைபோடுவதில் அங்கேதான் முதல் தவறு. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வாதங்களைக் கேட்காத தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டிருந்ததுதான் காரணம். ஆணையம் மறுபடி விசாரித்து 2016-ல் மீண்டும் அபராதம் போட்டது. 2018-ல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ததும் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆறு வருடம் ஓடிவிட்டது, அபராதத்தில் பெரும்பகுதி வசூலாகவில்லை. ஆகவே அறிவித்த தொகையை அல்ல, கைக்கு வந்த தொகையையும் அது எப்போது வந்தது என்பதையும் பாருங்கள்.

அபராதம் பெரிதா சிறிதா என்பதைத் தனியாகப் பார்ப்பதும் தவறு. சிண்டிகேட் போடுகிறவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். ஐந்து வருடத்தில் 500 கோடி கூடுதலாகக் கிடைக்கும், மாட்டிக்கொள்ள ஐந்தில் ஒரு வாய்ப்புதான் என்றால், 2,500 கோடிக்குக் குறைந்த அபராதம் அவரைத் தடுக்காது. நடப்பில் என்ன ஆகிறது? இந்திய உணவுக் கழகத்தின் தானியக் கிடங்குகளில் பூச்சியைக் கொல்ல வைக்கும் மாத்திரைக்கான டெண்டரில் 2009-ல் மூன்று நிறுவனங்கள் அச்சு மாறாமல் ஒரே விலை, 388 ரூபாய், கேட்டிருந்தன. அதில் ஒரு நிறுவனத்துக்கு விதித்த 63.90 கோடி அபராதம் கடைசியில் 2.92 கோடியாகச் சுருங்கியது. மொத்த விற்பனையை எடுக்கக் கூடாது, சம்பந்தப்பட்ட பொருளின் விற்பனையை மட்டும் வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் அன்றைய சட்டப்படி சொன்னது (2023-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது). சட்ட நியாயம் இருக்கலாம். ஆனால் பயம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, பிடிபட்ட வழக்குகளை எண்ணுவது. இந்த வருடம் வழக்கு கூடினால் ஆணையம் சுறுசுறுப்பாகிவிட்டது என்றும் சொல்லலாம், சிண்டிகேட் பெருகிவிட்டது என்றும் சொல்லலாம். அந்த எண் இரண்டில் எதையும் நிரூபிக்காது. பீர் நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைத்த வழக்கில் 2021-ல் சுமார் 873 கோடி அபராதம் விதித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டு 2009 முதல் 2018 வரை நடந்தது என்பதுதான் ஆணையத்தின் முடிவு. பட்டியலில் வெற்றி என்று ஒன்று ஏறுகிறது. ஒன்பது வருடம் கூடுதல் விலை கொடுத்தவர்கள் அதில் எங்கேயும் இல்லை. அதுவும் உள்ளே இருந்த ஒரு நிறுவனமே அப்ரூவராக வந்து சொன்ன பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. முதலில் வந்து முழு விவரம் தருபவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். அதனால் ஒரு சிண்டிகேட் எத்தனை வருடம் பிழைத்தது, யார் சொல்லித் தெரிந்தது என்ற இரண்டையும் எண்ணிக்கையோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

அப்புறம் விலை. சோதனை நடந்த பிறகும் விலை குறையவில்லை, எல்லாம் வீண் என்று சொல்லிவிடுகிறோம். நிலக்கரியும் டீசலும் ஏறியிருந்தால் நேர்மையான சிமெண்ட் விலையும் ஏறத்தான் செய்யும். சிண்டிகேட் இல்லாத வேறொரு பகுதியின் விலையை, இதே செலவுகளோடு, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். டெண்டர் என்றால் வேலை இன்னும் சுலபம்: பிடிபடுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் விலை கேட்டார்கள், அந்த விலைகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தன என்று எடுத்துப் பாருங்கள்.