கார்ட்டூன் போட்டுச் சோறூட்டும் அப்பாக்கள் கவனத்துக்கு

போன வாரம் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. டிவிக்கு நேரே ஒரு குட்டி நாற்காலி, அதில் பையன். படத்தை மறைக்காதபடி பக்கவாட்டில் குந்தியிருக்கும் அப்பன், கையில் பருப்புசாதக் கிண்ணம். திரையில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பையனின் வாய் தானாகப் பிளக்கிறது, ஸ்பூன் உள்ளே போகிறது. மச்சினன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பாத்தீங்களா மாமா, கண்டுபிடிச்சுட்டேன்!"

கண்டுபிடித்தது அவன் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்பே நான் கண்டுபிடித்து, கொண்டாடி, அழுது முடித்த விஷயம் அது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஒன்பது, மகனுக்கு நாலரை. மகளிடம் செய்த தவறுகளில் பாதியை மகனிடமும் செய்தேன். மீதியை இப்போது மச்சினன் செய்துகொண்டிருக்கிறான்.

டிவிக்குப் பக்கத்தில் உட்கார விடாதீர்கள், அதிக நேரம் காட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதானபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். டாக்டர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டே பிள்ளை கையில் போனைக் கொடுத்தவன் நான். ஆகவே, தெரிந்தே டிவி போடுகிறவர்கள் தெரியாமல் செய்யும் தவறுகள் மட்டும்.

புதுசு புதுசாகப் போடுவது

பார்த்ததையே பார்க்கிறதே, அலுக்காதா என்று நாமாகவே அடுத்த கதைக்குத் தாவுகிறோம். அலுப்பது நமக்கு. பிள்ளைக்கு இல்லை. இது அந்த நிகழ்ச்சிகளை எடுத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1997-ல் பிபிசியில் தொடங்கிய டெலிடபீஸில், அந்தக் குண்டு பொம்மைகளின் வயிற்றில் ஒரு சின்னப் படம் ஓடும். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்று அவை குதிக்கும். உடனே அதே படம், ஒரு காட்சி குறையாமல், மறுபடி ஓடும். முதல்முறை பார்த்தபோது கேபிள்காரர்தான் ஏதோ கோளாறு பண்ணிவிட்டார் என்று நினைத்தேன். அதற்கு ஒரு வருடம் முன்னால் அமெரிக்காவில் வந்த, பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் புளூஸ் குளூஸ் இன்னும் மோசம். ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் போட்டார்கள். முதல் நாள் வெறுமனே பார்த்த பிள்ளை, ஐந்தாம் நாள் பதிலை முந்திக்கொண்டு கத்தியது.

அடுத்து என்ன வரும் என்று தனக்குத் தெரிந்திருப்பதில்தான் பிள்ளைக்கு அத்தனை குஷி. வீட்டில் அதற்குத் தெரிந்து நடக்கும் காரியம் வேறென்ன இருக்கிறது? அதனால் ஒரே கதையையே போடுங்கள். உங்கள் மூளைக்கு என்ன ஆகும் என்பது வேறு விஷயம். எனக்கு இன்னும் ஆபீஸ் மீட்டிங்கில் சில பாட்டுகள் தலைக்குள் ஓடுகின்றன.

பாதியில் அணைப்பது

"இருபது நிமிஷம்தான்" என்று சொல்லி உட்கார வைத்தேன். இரண்டரை வயதுக்கு இருபது நிமிடமும் ஒன்றுதான், இருபது வருடமும் ஒன்றுதான். கதையின் நடுவில் அணைத்தால் அது நமக்கு கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் கரண்ட் போன மாதிரி. நாம் என்ன பேச்சுப் பேசுவோம்? பிள்ளை தரையில் உருண்டதற்குக் கோபித்துக்கொள்கிறோம்.

நிமிடத்தால் அளக்காதீர்கள், கதையால் அளங்கள். பன்றிக்குட்டி கார்ட்டூனான பெப்பா பிக் ஒரு கதை ஐந்து நிமிடம். ஆஸ்திரேலியாவின் புளூயி ஏழு நிமிடம். "ரெண்டு பெப்பா" என்றால் பிள்ளைக்குக் கணக்குப் புரிகிறது. முடிவுப் பாட்டு வந்ததும் அதுவே எழுந்து ஓடுகிறது (சில நாள்). இதற்கு எதிரி, ஒரு மணி நேரத்துக்குப் பாட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்த வீடியோக்கள். அவற்றுக்கு முடிவே கிடையாது. கூடவே, தானாக அடுத்தது ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது கரும்பு மெஷின் கரும்பை இழுக்கிற மாதிரி, நம்மை உள்ளே இழுத்துக்கொண்டே போகும்.

கதையில் லாஜிக் கேட்பது

ஏழு வயதுப் பெண்ணை ஒரு குரங்கோடு காட்டுக்கு அனுப்பிவிட்டு டோராவின் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளை முறைக்கும்.

பாடம் என்று நம்புவது

என் மகள் இரண்டு வயதில் அறுகோணத்தைப் பார்த்து "ஹெக்ஸகன்" என்றாள். தெரு முழுக்கச் சொல்லிவந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் "துண்டை எடுத்துட்டு வாம்மா" என்றால் விழித்தாள். ஹெக்ஸகன் தெரிந்த வீட்டில் துண்டு எதுவென்று தெரியவில்லை.

2003-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுகிறவர் எதிரே உட்கார்ந்து, விளையாட்டுக் காட்டி, புத்தகம் வாசித்தார். பன்னிரண்டு முறை. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆள், அதே பேச்சு, டிவியில். நேரில் கேட்டவை சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. டிவியில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. கைக்குழந்தைகளுக்கென்றே வந்த பேபி ஐன்ஸ்டைன் டிவிடிகளை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக 2009-ல் டிஸ்னியே அறிவித்தது. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்குக் குளிக்க நேரம் வேண்டும் என்று போடுங்கள். படிப்பு என்று சொல்லிப் போடாதீர்கள்.

ரிமோட்டைத் தேடுவது

ஃபிரிட்ஜுக்குள் பாருங்கள்.

சோறு

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மச்சினன் மேல் இல்லை, என் மேல்தான்.

ஆரம்பம் ரொம்ப அழகாக இருந்தது. மகளுக்கு ஒரு வயது தாண்டியதும் சாப்பாட்டுக்கு முரண்டு. ஒரு நாள் தற்செயலாகச் சூச்சூ டிவி ஓடிக்கொண்டிருந்தது. 2013-ல் சென்னையில் தொடங்கிய நம்ம ஊர்ச் சேனல்தான். ஜானி ஜானி பாட்டில், திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்ற பையனை அப்பா வாயைத் திறக்கச் சொல்லும் இடம் வருமே, அங்கே என் மகளும் வாயைத் திறந்தாள். நான் ஒரு வாய் வைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி திறந்தாள். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு மாதத்தில் நான் நிபுணன் ஆகிவிட்டேன். ஒரு பெப்பாவுக்கு எட்டு வாய். தயிர்சாதம் என்றால் பத்து. டோரா மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு ஆகாது. அவள் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பாள், மகள் வாய் நிறைய வைத்துக்கொண்டு கத்துவாள், டோராவின் முகமெல்லாம் ரசம்சாதம்.

என் அம்மா ஒரு வாரம் பார்த்தார். "புள்ள எங்கடா சாப்பிடுது? வாய்தான் சாப்பிடுது" என்றார்.

நான் விடவில்லை. "நீங்க மட்டும் நிலாவக் காட்டி ஊட்டலையா?"

"நிலா என்ன அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா முடிஞ்சு முடிஞ்சு ஆரம்பிக்குதா?"

அப்போது எனக்கு அது வெறும் நக்கலாகத்தான் பட்டது. ஆனால் அம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. நிலாவைக் காட்டுகிறவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். போதும் என்று தலையைத் திருப்பினால் தெரியும், மென்றதா விழுங்கியதா என்று தெரியும். டிவி முன்னால் பிள்ளைக்கே அது தெரியாது. பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. மகள் மெல்லவே மறந்து, சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே பார்த்திருப்பாள். சிரிப்பு வந்தால் புரையேறும். இரண்டு முறை முதுகைத் தட்டித் தட்டி என் கை நடுங்கியிருக்கிறது.

முதல் அடி காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் விழுந்தது. பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் போனில் சார்ஜ் போய்விட்டது. மகள் இலையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கவில்லை. வேறு வழி தெரியாமல் நானே பெப்பா ஆனேன். பெப்பா குடும்பம் பேசும்போது நடுநடுவே மூக்கால் உறுமுமே, அதைச் செய்தேன். வாய் திறந்தது! ஒரு வாய்க்கு ஓர் உறுமல். ஆறாவது உறுமலில் எதிர்ப்பந்தியிலிருந்து பெரிய மாமனார் எழுந்தே வந்துவிட்டார். "என்ன மாப்ளே, ஏதும் விக்கிக்கிச்சா? தண்ணியக் குடிங்க." குடித்தேன். இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷங்களில் எனக்கு முதலில் தண்ணீர்தான் வைக்கிறார்கள்.

அதிலும் புத்தி வரவில்லை. இரண்டாவது பேட்டரி வாங்கினேன்.

எல்.கே.ஜி. சேர்த்த பிறகுதான் உண்மையான செலவு தெரிந்தது. டிபன் பாக்ஸ் போனபடியே திரும்பி வந்தது. முதல் நாள், இரண்டாம் நாள், ஒரு வாரம். சமையல் மாறியது, பாக்ஸ் மாறியது, பாக்ஸின் மேல் இருந்த படம்கூட மாறியது. கடைசியில் மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்: "டப்பாவைத் திறந்து வெச்சுட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கா சார்." சுவரில் ஒன்றும் இல்லை. அவள் நிகழ்ச்சி ஆரம்பிக்கக் காத்திருந்திருக்கிறாள்.

மாற்ற மூன்று வாரம் ஆனது. கூடத்தில் பேப்பர் விரித்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். டிவியின் மேல் ஒரு பெட்ஷீட். அவள் தட்டு அவள் முன்னால், அவள் கையாலேயே. முதல் நாள் நாலு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டாள். பின்னாலேயே கிண்ணத்தோடு ஓடத் துடித்த என் மனைவியைப் பிடித்து உட்கார வைத்தேன். மறுநாள் மனைவி என்னைப் பிடித்து வைத்தாள். மூன்றாம் நாள் ராத்திரி பசி என்று மகள் தானாகவே வந்தாள். அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெற்றோர் வேறு யாரும் இருக்க முடியாது. பேப்பரில் சிந்தியதை வைத்து ஒரு காக்காய்க் குடும்பமே பிழைத்தது. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இதையெல்லாம் மச்சினனுக்கு அன்றைக்கே ஒன்று விடாமல் சொன்னேன். "நாளைக்கே டிவிய மூடி வை மாப்ள" என்றேன். தலையாட்டிக்கொண்டே அடுத்த கதையைப் போட்டான்.

நேற்று ராத்திரி எட்டரைக்கு போன் வந்தது. பின்னணியில் பையனின் அழுகை.

"மாமா, கரண்ட் இல்ல, போன்ல ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு. அந்த உறுமல எப்படிப் போடுவீங்க, கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

போட்டுக் காட்டினேன்.