செம்பனை மில்லு கழிவுத்தண்ணில கேஸ் எடுக்கிறது எப்படி

மலேசியாவுல செம்பனை மில்லு பக்கம் போனவங்களுக்கு அந்த கழிவுக் குளத்து நாத்தம் நல்லா தெரியும். மேல கொப்புளம் கொப்புளமா வருதே அதுல பாதிக்கு மேல மீத்தேன், சும்மா காத்துல விட்டா கார்பன்டைஆக்ஸைட விட 25 மடங்குக்கு மேல பூமிய சூடாக்கும். 2014லேர்ந்து புது மில்லு கட்டுறவங்க இத பிடிச்சே ஆகணும்னு எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) ரூல் இருக்கு.

1 டன் குலை பிழிஞ்சா சுமார் 0.65 கியூபிக் மீட்டர் கழிவுத்தண்ணி வரும், தண்ணி 1 கியூபிக் மீட்டருக்கு 28 கியூபிக் மீட்டர் கேஸ்னு கணக்கு வச்சுக்கலாம்.

மில்லுலேர்ந்து வரும்போது தண்ணி 80 டிகிரிக்கு மேல கொதிக்கும், பிஎச் (புளிப்பு அளவு, 7க்கு கீழ போனா ஆசிட்) 4, 5 தான். மொதல்ல மண்ணு, மிச்ச எண்ணெய எடுத்துடுங்க, எண்ணெய் உள்ள போனா மேல ஆடை கட்டி, கேஸ் உண்டாக்குற பாக்டீரியாவ படுத்தும். கூலிங் பாண்ட்ல 40 டிகிரிக்கு கீழ ஆறவிட்டு அப்புறம் எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடின குளத்துல விடுங்க, இடம் இல்லாதவங்க டேங்க் கட்டலாம், செலவு கூட.

ஸ்டார்ட் பண்றப்பதான் நெறைய பேரு சொதப்புறாங்க. பழைய குளத்து அடி சகதிய நெறைய போட்டு, கழிவுத்தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா வாரக்கணக்குல கூட்டணும், மேனேஜர் அவசரப்படுறாருன்னு மொத்தமா தொறந்து விட்டா பட்டினி கெடந்த வயித்துக்கு பிரியாணி போட்ட கதைதான், ஆசிட் ஏறி பிஎச் விழுந்துடும். பிஎச் 7 பக்கம் நிக்கணும், 6.5க்கு கீழ போச்சுன்னா புதுக் கழிவுத்தண்ணி விடுறத நிறுத்துங்க, செரிச்சு வெளிய வர்ற தண்ணிய திருப்பி உள்ள விட்டாலே பாதி சரியாகும், அதுல காரத்தன்மை இருக்கு, சுண்ணாம்புக்கு காசு கொட்ட வேணாம்.

கேஸ்ல எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷவாயு) ஆயிரக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) இருக்கும், அத எடுக்குற ஸ்கிரப்பர் போடாம கரண்ட் எடுக்கிற இன்ஜினுக்கு குடுத்தா ஆயிலும் பேரிங்கும் காலி. ஸ்கிரப்பர்ல காச மிச்சம் பிடிக்காதீங்க, என்ன கேட்டா இன்ஜின விட இததான் மொதல்ல பாத்து வாங்கணும். ஈரத்தையும் எடுத்துடணும். இன்ஜின் நிக்கிற நாளுக்கு கேஸ எரிச்சு விட ஃபிளேர் கண்டிப்பா வேணும்.

கிரிட் லைன் தூரமா இருந்தா கரண்ட் விக்கிற யோசனைய விடுங்க, கேஸ பாய்லர்ல எரிச்சுட்டு, அதுல எரிக்காம மிச்சமாகுற செம்பனைக் கொட்டை ஓட்ட வித்துடலாம், அதுக்கு நல்ல வெலை இருக்கு. வெளிய வர்ற தண்ணிய அப்படியே ஆத்துல விடக்கூடாது, காத்து அடிச்சு இன்னும் சுத்தம் பண்ணணும்.

குளத்துகிட்ட போறவங்க சட்டையில கேஸ் டிடெக்டர் மாட்டிட்டு போங்க. அழுகின முட்டை வாடை வரலன்னு நம்பாதீங்க, எச்2எஸ் 100 பிபிஎம் தாண்டினா மூக்கே மரத்துப் போயிடும்.