பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்குமுன்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது வரை தமிழ் கட்டாயம். பிளஸ் ஒன்னில்தான் பிரெஞ்சு மாதிரி மொழிக்கு மாற முடியும். "அதில் மார்க் அள்ளலாம்" என்பதற்காகவே பலர் மாறுகிறார்கள். அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிக்கு அதில் இடமே இல்லை. மருத்துவத்துக்கு நீட். பிரெஞ்சில் 98 வாங்கினாலும் 600-க்கான மொத்தம்தான் கூடும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசியுங்கள்: அங்கே தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் கட்டாயம். பத்தாவது தரக் கேள்விகள்தான், ஆனால் ஐந்தாறு வருடம் தமிழைத் தொடாதவர்களுக்கு இலக்கணம் கைவிட்டுப் போயிருக்கும்.

மொழி மேல் உண்மையான ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். சேருமுன் பள்ளியில் மூன்று கேளுங்கள்: நிரந்தர ஆசிரியர் உண்டா, வாரத்துக்கு எத்தனை பீரியட், வகுப்பில் வாய்விட்டுப் பேச வைக்கிறார்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் இழுபறியாக இருந்தால், விடைகளை உருப்போட வைக்கும் வகுப்பு அது. இரண்டு வருடம் முடிந்தும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளக்கூட வராது.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது சொல்லின் ஆண்பால், பெண்பாலில். தமிழில் மேசையும் புத்தகமும் அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். பொருளைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. அதனால் சொல்லை ஒருபோதும் தனியாகப் படிக்காதீர்கள். 'லா தாப்ல்' (மேசை), 'லெ லீவ்ர்' (புத்தகம்) என்று, பாலைக் காட்டும் 'லா', 'லெ' என்ற முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பால் தப்பினால் கூட வரும் பெயரடையும் தப்பும், ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று பிழை விழும். அடுத்த சிக்கல் ஒலி. சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது. 'பெத்தி' (சின்ன) என்று சொல்லும்போது எழுத்தில் உள்ள கடைசி 'ட்' வாய்க்கு வராது. கேட்டுவிட்டு எழுதினால்தான் இது படியும்: தினம் 20 நிமிடம், ஐந்து வாக்கியம் போதும்.

பள்ளியில் பிரெஞ்சு மட்டும்தான் இருக்கிறது, ஆசை ஜப்பானியத்தில் என்றால் தமிழிலேயே இருந்துகொண்டு அதை வெளியே படிக்கலாம். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால் என்று வாக்கிய அமைப்பு தமிழோடு ஒத்துப்போகும். 'உச்சி நி இக்கிமாஸ்' அப்படியே 'வீட்டுக்குப் போகிறேன்'. கஷ்டம் எழுத்தில்தான்.

பிரெஞ்சு எடுத்தவர்கள் பிளஸ் டூ முடியுமுன் டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு அரசின் மொழித் தேர்வில் தொடக்க நிலை) எழுதிவிடுங்கள். நான்கு பகுதி, தலா 25. மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேச்சும் அதில் ஒரு பகுதி.