பல்கலைக்கழகத்தில் மெய்யியல் மன்றம் தொடங்குவது எப்படி?

நான் படித்த இடத்தில் மெய்யியல் (தத்துவம்) துறை கிடையாது. இயற்பியல், வணிகவியல், தமிழ் எனப் பல துறைகளிலிருந்து ஏழு பேர் சேர்ந்து மன்றம் தொடங்கினோம். முதல் முயற்சி இரண்டே கூட்டத்தில் நின்றுபோனது. அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கியது இன்றும் நடக்கிறது. அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் கற்றதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: விழா வேண்டாம்

முதல் முறை குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை என்று எல்லாம் வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் ஒரு மாணவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர்.

நீங்கள் அப்படித் தொடங்காதீர்கள். மூன்று நான்கு பேர் கேண்டீனிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து, ஒரே கேள்வியை இரண்டு வாரம் பேசிப் பாருங்கள். வகுப்புக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் மன்றம் பிறந்துவிட்டது. அனுமதிக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும். நாள், நேரம், அறை, பொறுப்பாசிரியர் பெயர் ஆகியவற்றுடன் துறைத்தலைவர் வழியாக ஒரு பக்கத்தில் கொடுங்கள். பொறுப்பாசிரியர் எந்தத் துறையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். மாணவர் மறுத்துப் பேசினால் முகம் சுளிக்காதவராக இருப்பதுதான் முக்கியம்.

நேரத்தைக் குறிக்கும்போது பஸ்ஸை மறந்துவிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு வைத்தால் விடுதி மாணவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். நாங்கள் புதன்கிழமை மதிய இடைவேளைக்கு மாற்றிய பிறகுதான் கிராமங்களிலிருந்து வரும் மாணவிகள் வரத் தொடங்கினார்கள்.

இரண்டாம் படி: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

மன்றத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘உண்மை என்றால் என்ன?’ என்று அறிவித்தால் எல்லோரும் பொதுப்படையாகப் பேசிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். கேள்வி சிறியதாக, ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் தொடுவதாக இருக்க வேண்டும். கைப்பேசியில் தேடினால் விடை கிடைத்துவிடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் மணிமேகலையில் இருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி, ஆசீவகன், சாங்கியன் எனப் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்காத பூதவாதியிடம், ‘உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?’ என்று திருப்பிக் கேட்கிறாள். இரண்டாம் முறை தொடங்கியபோது இந்த ஒற்றைக் கேள்வியை முதல் கூட்டத்தில் வைத்தோம். மரபணுச் சோதனை, பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் சொல் என்று பேச்சு வளர்ந்து, ‘சோதனைக்கூடத்தின் அறிக்கையை நம்புவதும் பிறர் சொல்லை நம்புவதுதானே?’ என்று ஒரு முதலாண்டு மாணவி கேட்டபோது அறையே அமைதியானது. காட்சி (நேரில் காண்பது), கருத்தளவை (அனுமானம்), உரை (பிறர் சொல்) என்ற சொற்களை அதற்குப் பிறகு விளக்கினோம். சொல் பின்னால் வரட்டும், திகைப்பு முன்னால் வரட்டும்.

வேறு சில கேள்விகள்: இறந்துபோனவருக்குக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டுமா? நண்பன் செய்த தவற்றைப் பற்றி யாரும் கேட்காதபோது, சொல்லாமல் இருப்பது பொய்யா?

மூன்றாம் படி: ஒரு மணி நேரத்தை நடத்துவது

ஒருவர் ஏழு நிமிடம் தொடக்கவுரை தர வேண்டும். இந்த எண்ணைக் கேம்பிரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டோம். 1878இல் தொடங்கிய அங்குள்ள மெய்யியல் மன்றமான மாரல் சயின்சஸ் கிளப், 1912இல் கட்டுரைகள் ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வகுத்தது. அதே ஆண்டில் மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன் ‘மெய்யியல் என்றால் என்ன?’ என்ற கட்டுரையைச் சுமார் நான்கு நிமிடத்தில் படித்து முடித்தார்.

உரை முடிந்ததும் ஐந்து நிமிடம் விளக்கம் கேட்க மட்டும் ஒதுக்குங்கள். பிறகு எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாகத் தங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதட்டும். கூச்சப்படுகிறவர்கள் பேசத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. எழுதியதைப் படித்தால் போதும் என்றால் பின் வரிசையும் பேசும்.

மீதி நேரம் விவாதம். இங்கே ஓர் எச்சரிக்கை. பள்ளியிலிருந்தே நமக்குப் பட்டிமன்றம் பழக்கம். இரண்டு அணி, கைதட்டல், நடுவர் தீர்ப்பு. அந்தக் கலை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பேச்சின் நடுவே மனம் மாறியவர் தோற்றவராகிவிடுகிறார். மெய்யியல் மன்றத்தில் மனம் மாறுவதற்குத்தான் உட்காருகிறோம். ஆகவே அணி பிரிக்காதீர்கள், தீர்ப்பும் சொல்லாதீர்கள். மறுக்க விரும்புகிறவர் முதலில் எதிராளியின் கருத்தைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பரபக்கம் என்ற பகுதியில் பிறர் கொள்கையை எடுத்துரைத்த பிறகே மறுக்கிறது. நமக்குப் புதிய முறையல்ல.

சாதி, மதம் பற்றிய கேள்விகளைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் யாரையும் பார்த்து ‘உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்று கேட்க அனுமதிக்காதீர்கள். ஒருவர் தன் வாதத்துக்கு மட்டுமே பொறுப்பு. தலைமை ஏற்பவர் இதில் உறுதியாக நிற்க வேண்டும்.

மொழி: தமிழில் நடத்துங்கள். ஆங்கிலத்தில் நடத்திய நாட்களில் சரளமாகப் பேசியவர்கள் வென்றார்கள், ஆழமாக யோசித்தவர்கள் வாய் திறக்கவில்லை.

நான்காம் படி: குறிப்பேடும் கைமாற்றமும்

செலவு தேநீருக்கு மட்டும்தான். பெரிய கூட்டம் ஒன்று வேண்டுமென்றால் யுனெஸ்கோவின் உலக மெய்யியல் நாள் இருக்கிறது. நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் குறிப்பெடுக்கட்டும். யார் பேசினார் என்பதைவிட எந்தக் கேள்வி விடையில்லாமல் நின்றது என்பதை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரத்தின் தலைப்பு பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும்.

இறுதியாண்டு மாணவர்கள் ஜனவரியிலேயே தலைமையை இளையவர்களிடம் கொடுத்துவிட்டுச் சுற்றில் ஒருவராக உட்காருங்கள். அறைச் சாவி யாரிடம் இருக்கும், கடிதத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். ஏப்ரலில் தேர்வு தொடங்கிவிட்டால் அதைச் சொல்லக்கூட நேரம் இருக்காது.